முனியாண்டி அண்ணன் வாயில் ஒரு பல் பிரஷ்

போஸ்டர் செய்யும் இளையவர்களே, உங்கள் கணினியில் எத்தனை வகை எழுத்துகள் இருக்கின்றன என்று என்னிடம் சொல்லாதீர்கள், எனக்குப் பொறாமையாக இருக்கிறது. முப்பது வருடத்துக்கும் மேலாக ஈப்போவில் உட்கார்ந்து சினிமாவுக்கும் மேடை நாடகத்துக்கும் கலை நிகழ்ச்சிக்கும் போஸ்டர் செய்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகாவது நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், போன வாரம் உங்களில் ஒருவர் போன் செய்து, "ஸ்டெல்லாக்கா, பாத்த ஒடனே இது காமெடி படம்னு ஜனங்களுக்கு எப்படிக்கா தெரிய வைக்கிறது? அதுக்கு ஒரு ஃபார்முலா எழுதிக் குடுங்கலா" என்று கேட்டார். ஃபார்முலாவாம். கேட்டவர் பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன்.

இருந்தாலும் கேட்டதற்கு மரியாதை வேண்டும், சொல்லிவிடுகிறேன். பின்னணி மஞ்சள். பெயர் சிவப்பில், நன்றாக ஊதிப்போன எழுத்தில், ஒன்று சாய்ந்து ஒன்று குதித்து நிற்க வேண்டும். உடம்பைச் சின்னதாக்கித் தலையைப் பெரிதாக்க வேண்டும். வாய் திறந்திருக்க வேண்டும், பல் தெரிய வேண்டும். ஐந்து பேர் ஒரு பக்கம் பார்த்தால் ஆறாவது ஆள் மறுபக்கம் பார்க்க வேண்டும். எங்கேயாவது ஒரு செருப்பு பறக்க வேண்டும். பேய்ப் படத்துக்கு இருட்டையும் காதல் படத்துக்கு மழையையும் எடுத்துக்கொள்கிற மாதிரி, சிரிப்புப் படத்துக்கு இதையெல்லாம் எடுத்துக்கொள்வோம். யார் இந்த விதிகளைப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் தொழிலுக்கு வந்தபோதே இருந்தன, நானும் பல வருடம் யோசிக்காமல் பின்பற்றினேன்.

ஆனால் இந்த விதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. எழுத்தைப் படிப்பதற்கு முன்பே, பெயரைப் பார்ப்பதற்கு முன்பே, மனிதர்கள் ஒரு படத்தைப் புரிந்துகொண்டு விடுகிறார்கள். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. அதை நான் முதன்முதலாக உணர்ந்த நாளில் எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. இன்றைக்கும் நினைத்தால் சிலிர்க்கிறது. அந்த நாள் என் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய தப்பின் மறுநாள் என்பதால், தப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

முனியாண்டி அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியாது. ஈப்போவுக்குப் பக்கத்தில் பத்து காஜா என்ற ஊரில் இருந்தார். தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலைக்கு உதிரிப்பாகம் ஏற்றிப்போகும் லாரிக்கு ஓட்டுநர். லாரி ஓட்டாத நேரத்தில் நடிகர். கோயில் திருவிழா மேடை, கல்யாண மேடை, நம் ஊர்க்காரர்கள் எடுக்கும் சின்னப் படங்கள் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். அவர் நடந்து வந்தாலே கூட்டம் சிரிக்கும். ஆனால் எல்லாப் படத்திலும் அவருக்கு நான்கு காட்சிதான். கதாநாயகனின் மாமா, கடைக்காரர், குடிகாரர், அவ்வளவுதான்.

போஸ்டரில் அவர் தலையை வெட்டி ஒட்டியவள் நான்தான். எப்போதும் வலது மூலை, கீழே, கட்டைவிரல் அளவு. ஒருமுறை ஈப்போவில் ஒரு கடை வாசலில் என் போஸ்டர் முன்னால் நின்று அவர் தன் தலையைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே, "தங்கச்சி, இந்தத் தடவ என் தலைமேல டிக்கெட் கவுண்டர் போன் நம்பர ஒட்டிட்டாங்க போல லா" என்றார். உண்மைதான், ஒட்டியிருந்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் குமரன் வந்தான். புது இயக்குநர், முதல் படம். "எங்க தலைவரு சுப்பையா" என்று பெயர். ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்ட பிறகு தாமான் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபோனவர்கள், பழைய தோட்டக் கோயிலுக்குத் தலைவர் யார் என்று தேர்தல் வைத்து அடித்துக்கொள்ளும் கதை. போட்டியிடவே விருப்பமில்லாத ஒரு லாரி ஓட்டுநரைப் பிடித்து வேட்பாளராக நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஓட்டுநராக முனியாண்டி அண்ணன். ஐம்பத்தெட்டு வயதில் முதல் கதாநாயகன் வேடம்.

படத்துக்கு ஈப்போவில் ஒரே ஒரு அரங்கம் கிடைத்தது. தீபாவளிக்கு வந்த பெரிய படங்கள் ஓய்ந்த பிறகு, வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள். கூட்டம் வந்தால் நீடிப்பார்கள், வராவிட்டால் திங்கட்கிழமை தூக்கிவிடுவார்கள். நம் ஊர்ப் படம் ஒன்றைத் தூக்கிவிட்டால் அது திரும்பி வராது. கதாநாயகனும் திரும்பி வர மாட்டார், மறுபடி மூலைக்குத்தான் போவார்.

நான் முடிவு செய்துவிட்டேன். இந்த முறை முழு போஸ்டரும் அண்ணனுக்குத்தான். வேறு ஒரு தலை கிடையாது.

இனி நான் செய்ததைக் கவனமாகக் கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் என்னிடம் நல்ல காரணம் இருந்தது. மஞ்சள் வேண்டாம், வெள்ளைப் பின்னணி வைத்தேன், வெளிநாட்டுச் சிரிப்புப் படங்களின் போஸ்டர்களில் வெள்ளைதான் அதிகம் என்று கவனித்திருந்தேன். நடுவில் அண்ணனின் முகம், மார்பளவு, நேராக நம்மைப் பார்க்கிறது. ஓட்டுக் கேட்பவர் என்பதால் இரு கையும் கூப்பியிருக்கிறது. தேர்தலில் நிற்பவர் என்பதால் கழுத்தில் பெரிய செவ்வந்தி மாலை. வாயைத் திறந்து சிரிப்பது மலிவாக இருக்கும் என்று, உதட்டை மூடி அடக்கமாக ஒரு புன்னகை. கீழே படத்தின் பெயர், அதன் கீழே அவருடைய பெயர், அப்பா பெயரோடு முழுமையாக. இத்தனை வருடம் பெயரே போடாததற்குப் பிராயச்சித்தமாக. அதற்கும் கீழே வெளியாகும் தேதி.

உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. நான் கத்தோலிக்கக் குடும்பம், எங்கள் வீட்டில் இறந்தவர் படத்துக்குச் சிலுவைதான் வைப்போம் என்று பிறகு பலரிடம் சாக்குச் சொன்னேன். அது பொய்ச் சாக்கு. நான் வளர்ந்த தோட்ட வரிசை வீட்டில் எங்கள் பக்கத்து வீடும் எதிர் வீடும் சுவரில் மாலை போட்ட படம் வைத்திருந்தவர்கள்தான். அந்த மனிதருக்கு நல்லது செய்கிறேன் என்ற பெருமை கண்ணை மறைத்துவிட்டது, வேறு காரணம் இல்லை.

சொல்லாமலும் இல்லை, ஒருவர் சொன்னார். எங்கள் போஸ்டர்களை அச்சடித்த சீன முதலாளி, நாங்கள் எல்லோரும் தவுக்கே என்று கூப்பிடுவோம். தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. நாற்பது வருடம் தமிழ் போஸ்டர் அச்சடித்தவர், தலைகீழாக வந்தால்கூட எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கத் தெரியாது, முகத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். முதல் தாள் இயந்திரத்திலிருந்து வந்ததும் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி இன்னொரு முறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் மலாயில் கேட்டார்.

"சியாப்பா மாத்தி?"

யார் செத்தது என்று கேட்கிறார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "காமெடி லா தவுக்கே, காமெடி!" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு மீதியை அச்சடித்தார். அவருக்குச் சீனப் புத்தாண்டுக் காலண்டர் வேலை மலைபோலக் குவிந்திருந்தது, என்னோடு வாதாட நேரமில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் போஸ்டர்கள் அரங்கத்திலும் கடைகளிலும் ஏறின. குமரன் அதே போஸ்டரைக் கைப்பேசியில் தனக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினான். நம் ஜனங்கள் எதையும் தாமதிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் குமரன் எனக்குப் போன் செய்தான். அழுதுகொண்டிருந்தான்.

"அக்கா, முனியாண்டி அண்ணே போயிட்டாராம்கா."

தஞ்சோங் மாலிம் போகிற வழியில் லாரி விபத்தாம், உடல் அங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறதாம். அவருக்குப் போன் செய்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. முகத்தைக்கூடக் கழுவாமல் காரை எடுத்துக்கொண்டு பத்து காஜாவுக்கு ஓடினேன். வழியெல்லாம் அழுதேன். மூலையிலிருந்து நடுவுக்கு வர இத்தனை வருடம் ஆனது, வந்த வாரமே இப்படியா என்று கர்த்தரிடம் சண்டை போட்டுக்கொண்டே போனேன்.

அவர் வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. அண்ணனின் மனைவி இறந்து பல வருடம் ஆகிறது, மகன் ஜொகூரில் வேலை செய்கிறான். அதனால் வீடு பூட்டியே இருந்தது, அக்கம்பக்கத்தார்தான் எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைப் பிடித்து, "எப்படிண்ணே ஆச்சு? யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"நேத்தே வந்துருச்சுமா, நீங்க பாக்கலையா?" என்று தன் கைப்பேசியை நீட்டினார்.

அதில் இருந்தது என் போஸ்டர்.

கைப்பேசியில் அது தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது. படத்தின் பெயர் படிக்க முடியாத பொடி எழுத்தாகிவிட்டது. தெரிந்ததெல்லாம் வெள்ளைப் பின்னணி, மாலை, கூப்பிய கை, மூடிய உதட்டுப் புன்னகை, கீழே ஒரு பெயர், ஒரு தேதி. அதன் கீழே வரிசையாக "ஆழ்ந்த இரங்கல்", "ஆத்மா சாந்தியடையட்டும்", "ரொம்ப நல்ல மனுஷன்". விபத்து, ஆஸ்பத்திரி எல்லாம் பிறகு வந்தவர்கள் சேர்த்துக்கொண்டது. ஒருவர் எப்படி என்று கேட்க, இன்னொருவர் லாரி ஓட்டுநர்தானே என்று ஊகிக்க, மூன்றாமவர் அதைச் செய்தியாக்கிவிட்டார்.

வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது, அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் போஸ்டரைச் செய்தவள் நான். அது சினிமா போஸ்டர் என்று எனக்குத் தெரியும். அதே போஸ்டரிலிருந்து பிறந்த செய்தியை நம்பி நானே அரைமணி நேரம் அழுதுகொண்டு கார் ஓட்டியிருக்கிறேன். ஒரு வெள்ளைத் தாளுக்கும் ஒரு மாலைக்கும் இவ்வளவு சக்தியா?

சரி, அப்படியென்றால் அண்ணன் எங்கே? அதைக் கேட்க வாயைத் திறப்பதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. அண்ணனின் அக்கா, ராமாயி அக்கா, பாரிட் புந்தாரிலிருந்து வந்திருந்தார். கையில் பெரிய மாலை. இறங்கும்போதே ஒப்பாரி தொடங்கிவிட்டது. "என்னப் பெத்த ராசா, எனக்கு முன்னால போயிட்டியாடா" என்று அவர் மார்பில் அடித்துக்கொண்டு நடந்தபோது, கூடாரம் கட்டியவர்கள்கூடக் கம்பை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார்கள். நான் குறுக்கே போய்த் தடுக்கப் பார்த்தேன். யாரால் தடுக்க முடியும்?

அந்தச் சத்தத்தில்தான் வீட்டுக் கதவு திறந்தது.

விடியற்காலையில் லாரியைக் கம்பெனியில் விட்டுவிட்டு வந்து, போனில் பேட்டரி தீர்ந்ததைக்கூடப் பார்க்காமல், உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுத்த மனிதர் எழுந்து வந்திருந்தார். இடுப்பில் சாரோங். மேலே ஒன்றுமில்லை. வாயில் பல் பிரஷ், உதடெல்லாம் நுரை. கூடாரத்தைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். அழுத முகங்களைப் பார்த்தார். பிரஷை எடுக்காமலேயே கேட்டார்.

"என்னா இது? யாரு செத்தா?"

எனக்குத் தவுக்கேயின் குரல் காதில் கேட்டது. அதே கேள்வி.

ராமாயி அக்கா சிலையாக நின்றார். பிறகு அவர் நேராகப் போய், கையிலிருந்த மாலையாலேயே தம்பியை அடிக்கத் தொடங்கினார். "போன எடுக்க மாட்டியா நீ? போன எடுக்க மாட்டியா?" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு கேள்வி. பூ நாலாபக்கமும் பறந்தது. அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா அடித்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது மட்டும் ஐம்பது வருடப் பழக்கம். பிரஷைக் கடித்தபடி, நுரையோடு, இரண்டு கையையும் கூப்பினார்.

முதலில் ராமாயி அக்காவிடமிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. விம்மல் என்று நினைத்தேன், சிரிப்பு. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வாய் சிரித்தது. ஒரு நாற்காலியில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அந்த வாசலில் இருந்த அத்தனை பேரும். கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள், தரையில் உட்கார்ந்துவிட்டவர்கள், சிரித்துக்கொண்டே மறுபடி அழுதவர்கள்.

நான் மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே முகம். அதே கூப்பிய கை. கழுத்தில் சிக்கிய அறுந்த மாலைகூட அதே செவ்வந்தி. பின்னால் வீட்டுச் சுவர், அதே வெள்ளை. என் போஸ்டர் அப்படியே உயிரோடு எழுந்து நிற்கிறது, ஒரு பல் பிரஷ் மட்டும் கூடுதல். அந்த ஒன்றுக்காக ஒரு சாவு வீடே சிரித்துக்கொண்டிருக்கிறது. நான் தேவாலயத்தில் முழங்காலிட்டபோதுகூட அப்படி ஒரு வியப்பை உணர்ந்ததில்லை என்று சொன்னால் எங்கள் பாதிரியார் கோபித்துக்கொள்வார், ஆனாலும் அதுதான் உண்மை.

அதற்குள் குமரன் வந்துவிட்டான். அண்ணனைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு இயக்குநராகிவிட்டான். "அக்கா, போஸ்டர் எல்லாத்தையும் எடுத்தாகணும். எழவுப் படம் மாதிரி இருக்குன்னு வெளிய பேச ஆரம்பிச்சிட்டாங்க. இதப் பாத்துட்டுக் குடும்பத்தோட எவன் படத்துக்கு வருவான்?"

அவன் சொன்னதில் தவறு இல்லை. நம் ஜனங்கள் அபசகுனம் என்று ஒதுக்கிவிட்டால் வெள்ளிக்கிழமை அரங்கத்தில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

"பழைய மாதிரியே போட்டுரலாம்" என்றான். "மஞ்சக் கலரு, ஆறு தலை. நடுவுல நம்ம ரேடியோ தம்பிய வெச்சிருவோம், அவரு மூஞ்சிய எல்லாருக்கும் தெரியும்."

ரேடியோ தம்பி என்பவர் படத்தில் மூன்று காட்சியில் வரும் வானொலி அறிவிப்பாளர். யாரும் முனியாண்டி அண்ணனைப் பார்க்கவில்லை. அவராகவே பேசினார். வாயைக் கழுவிவிட்டு வந்திருந்தார்.

"சரிதான் தங்கச்சி. படம் ஓடணும். எனக்கு அந்த மூலையே போதும் லா." சொல்லிவிட்டுச் சிரித்தார். போஸ்டரில் நான் வைத்த அதே மூடிய உதட்டுச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு வேடிக்கையான சிரிப்பு இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எதையோ விட்டுக்கொடுக்கும்போது அவர் சிரிக்கிற சிரிப்பு அது. அதைப்போய் நான் காமெடிப் போஸ்டரில் பெரிதாக்கி வைத்திருந்தேன்.

இளையவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். குமரன் சொன்ன வழி பாதுகாப்பானது. மஞ்சளும் ஆறு தலையும் என்றைக்கும் யாரையும் கைவிட்டதில்லை. என் தப்பை நான் மறைத்துக்கொள்ளவும் அதுவே சுலபமான வழி. நானும் தலையாட்டத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் சற்று முன் ஒரு கூட்டம் சிரித்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். மஞ்சள் நிறத்துக்கு அவர்கள் சிரிக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக, மரியாதையாக, துக்கமாக நின்ற இடத்தில் ஒன்றே ஒன்று அடங்காமல் நின்றது, அதற்குச் சிரித்தார்கள். நாம் சாய்த்து வைக்கும் எழுத்தும் மறுபக்கம் பார்க்கும் ஆறாவது ஆளும் பறக்கும் செருப்பும் அந்த ஒன்றைத்தான் காலங்காலமாகச் சொல்லப் பார்க்கின்றன.

"குமரா," என்றேன், "படத்தில அண்ணே பல்லு வெளக்குற மாதிரி சீன் இருக்கா?"

யோசித்தான். "இருக்குக்கா. மொத சீனே அதுதான். அவரு பல்லு வெளக்கும்போது ஊர்க்காரங்க வந்து, நீதான் நிக்கணும்னு கையப் பிடிப்பாங்க."

அது போதும். படத்தில் இல்லாததைப் போஸ்டரில் வைத்தால் ஜனங்கள் மன்னிக்க மாட்டார்கள். "எந்தப் போஸ்டரையும் எடுக்க வேணாம். பிரஷும் நுரையும் மட்டும் ஸ்டிக்கர் அடிச்சு அவரு வாயில ஒட்டிரலாம்" என்றேன்.

குமரன் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தான். "அக்கா, ஒரு தடவ செத்துட்டாருன்னு ஆயிருச்சு. அதே படத்த திரும்பக் காட்டணுமா? ஆகாதுன்னு சொல்லுவாங்கக்கா."

அவன் பயம் நியாயமான பயம், நான் அந்தச் சடங்கில் பிறந்தவளும் இல்லை. எல்லோரும் ராமாயி அக்காவைப் பார்த்தோம். அந்த வாசலில் நல்லது கெட்டது சொல்ல உரிமை உள்ளவர் அவர்தான். அவர் இன்னும் நாற்காலியில் உட்கார்ந்து, அறுந்த மாலையிலிருந்து பூவை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"செத்தவன் எவன்டா பல்லு வெளக்குறான்?" என்றார். "ஒட்டு லா."

அண்ணனைத் திரும்பவும் சுவர் முன் நிற்க வைத்து, பிரஷைக் கடிக்கச் சொல்லி, நுரையோடு படம் எடுத்தேன். ஈப்போவுக்குப் போய் அதை வெட்டி ஒட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பிரஷின் கைப்பிடி படத்தின் கட்டத்துக்குள்ளேயே நின்றால் வேடிக்கை குறைகிறது. கட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அந்த மனிதர் போஸ்டருக்குள் அடங்காதவர் ஆகிவிடுகிறார். வெளியே நீட்டினேன்.

தவுக்கே முகம் கொடுக்கவில்லை. காலண்டர், காலண்டர் என்று கையை விரித்தார். நான் பேசாமல் ஒரு போஸ்டரை மேசைமேல் விரித்து, கையால் வெட்டிய பிரஷை அண்ணன் வாயில் வைத்தேன். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. தமிழில் ஒரு எழுத்து தெரியாத மனிதர் மேசையைத் தட்டிச் சிரித்துவிட்டு, "இனி ஹிடோப்!" என்றார். இது உயிரோடு இருக்கிறது என்றார். காலண்டரை நிறுத்திவிட்டு ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் எந்தப் போஸ்டரையும் முதலில் தமிழ் தெரியாத ஒருவரிடம்தான் காட்டினேன். நீங்கள் கேட்ட ஃபார்முலா என்று என்னிடம் ஏதாவது இருந்தால் அது இது ஒன்றுதான்.

புதன், வியாழன் இரண்டு நாளும் நானும் குமரனும் முனியாண்டி அண்ணனும் கடை கடையாகப் போய் ஒட்டினோம். அண்ணனே தன் வாயில் பிரஷ் ஒட்டுவதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. செத்துப்போனதாகக் கேள்விப்பட்ட மனிதர் ஸ்டிக்கரோடு வந்து நின்றால் யார்தான் வேடிக்கை பார்க்க மாட்டார்கள்?

வெள்ளிக்கிழமை அரங்க வாசலில் நான் ஒரு தூண் பக்கம் நின்று, போஸ்டரைப் பார்க்காமல் அதைப் பார்ப்பவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பம் நகரும் படியில் மேலே வருகிறது. தலை நிமிர்கிறது. எழுத்தைப் படிக்க நேரமே இல்லை, அதற்குள் அம்மாவின் முகம் விரிகிறது, பிள்ளைகள் கையை நீட்டுகிறார்கள், பாட்டன் வாயைப் பொத்துகிறார். அடுத்த குடும்பம், மறுபடி அதே. ஒரு காகிதம் முன்பின் தெரியாத மனிதர்களின் முகத்தை ஒவ்வொன்றாகத் திறந்து வைப்பதைப் பார்த்து நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். இதைச் செய்வது நம் கை என்று நினைத்துப் பெருமைப்பட எனக்குத் துணிவு வரவில்லை. நம் கைக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு இடம் இல்லாமல் ஆட்கள் திரும்பிப் போனார்கள். திங்கட்கிழமை படத்தைத் தூக்கவில்லை. முனியாண்டி அண்ணன் அதன் பிறகு இன்னும் நான்கு போஸ்டரில் நடுவில் நின்றார். ஒவ்வொன்றிலும் தன் தலையைத் தேடுவது போல நடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் போன வருடம் நடந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வருடம் அண்ணன் உண்மையாகவே போய்விட்டார். தூக்கத்திலேயே போனார், மாரடைப்பு. காலையில் ராமாயி அக்கா போன் செய்து, நெருங்கியவர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, மறுநாள் எடுக்கிறோம், மற்றவர்களுக்கு அனுப்ப ஒரு அறிவிப்பு வேண்டும் என்றார். எந்தப் படத்தை வைப்பது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பழைய கோப்பைத் திறந்து, பிரஷ் இல்லாத அந்த முதல் படத்தை எடுத்தேன். வெள்ளைப் பின்னணி, மாலை, கூப்பிய கை, மூடிய உதடு. எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பெயரையும் தேதியையும் போட்டு, அழுதுகொண்டே அனுப்பினேன். பிறகு பத்து காஜாவுக்குப் போனேன்.

கூடாரத்தின் கீழே ராமாயி அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என் கைப்பேசி அதிர ஆரம்பித்தது. குழுக்களிலிருந்து பதில்கள். திறந்து பார்த்தேன். இரங்கல் ஒன்றுகூட இல்லை. சிரிக்கிற முகங்கள், வரிசை வரிசையாக.

"அண்ணே, ரெண்டாவது பாகமா? எப்போ ரிலீஸ்?"

"பிரஷ் எங்க லா?"

"இந்தத் தடவ நாங்க ஏமாற மாட்டோம் அண்ணே!"

பார்த்தவுடனே புரிய வேண்டும் என்று முப்பது வருடம் பாடுபட்டவள் நான், அவர்களுக்குப் பார்த்தவுடனே புரிந்திருக்கிறது. உலகத்திலேயே மிகத் துக்கமான படத்தை, அந்த ஒரு மனிதருக்கு மட்டும், அவர்கள் சிரிப்புப் படமாக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். "இல்லை, இது உண்மை" என்று அவர்களுக்கு எழுதப் போனேன்.

ராமாயி அக்கா எட்டி என் கைப்பேசியைப் பார்த்தார். அவருக்கு அதிகம் படிக்கத் தெரியாது, ஆனால் சிரிக்கிற முகங்களைப் படிக்க யாருக்கும் பள்ளிக்கூடம் வேண்டாம். பிறகு என் கைமேல் கையை வைத்தார்.

"இப்ப சொல்லாத ஸ்டெல்லா. சாயந்திரமா சொல்லிக்கலாம். அது வரைக்கும் அங்கயாவது அவன் இருக்கட்டும்."

நான் கைப்பேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம்வரை அது அதிர்ந்துகொண்டே இருந்தது.